கியூஎமு தொடக்கக் குறிப்பு: சனிக்கிழமை திருத்துகிறோம்

வணக்கம் நண்பர்களே. கியூஎமு (QEMU) என்பது கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள். அதற்கான நம் குறிப்பைப் பார்த்து உபுண்டு லினக்ஸ் நிறுவப் போன மூன்று தம்பிகள் பாதியிலேயே மாட்டிக்கொண்டார்கள். தப்பு நம்முடையதுதான். மெமரி அளவு கொடுக்காவிட்டால் கியூஎமு 128 எம்பி மட்டுமே எடுக்கும் என்று நாம் எங்கும் சொல்லவில்லை. அதில் உபுண்டு எப்படி ஏறும்?

வரும் சனி காலை 10 மணி, ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா, வழக்கமான கடை மாடி.

1. லேப்டாப், சார்ஜர். (பிளக் இரண்டுதான், முந்துபவருக்கு!)
2. உபுண்டு சர்வர் ஐஎஸ்ஓ-வை (நிறுவல் கோப்பு) வீட்டிலேயே இறக்கிவிடுங்கள்.
3. குறிப்பில் உள்ளபடியே டைப் செய்து, நின்றுபோன இடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.
4. நோகிராஃபிக்கில் (தனி ஜன்னல் இல்லாமல் டெர்மினலிலேயே ஓடும் முறை) மாட்டிய ஒருவர் டெர்மினலையே மூடினாராம். வெளியேற கண்ட்ரோல்-ஏ, அப்புறம் எக்ஸ். இது முதல் பக்கத்திலேயே வரவேண்டும், யார் எழுதுகிறீர்கள்?

வருபவர்கள் வியாழன் இரவுக்குள் ‘சரி’ போடுங்கள். தே தாரிக் என் கணக்கு.