திரை வாசிப்பானுக்கு எட்டாத குமிழ்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி வழி இசைத் தயாரிப்பைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையை, திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துக்காட்டும் மென்பொருளான திரை வாசிப்பான் வாயிலாகக் கேட்டேன். கணினியும் நல்ல காதும் உள்ள எவரும் இன்று இசைப்பதிவு செய்யலாம் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. பார்வையற்ற இசைப்பதிவாளனான என்னிடம் இரண்டும் உண்டு. ஆனாலும் அந்த 'எவரும்' என்ற சொல்லுக்குள் நான் பாதிதான் அடங்குகிறேன்.

திரை வாசிப்பான், திரையில் தெரியும் படத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. இது பொத்தான், இதன் பெயர் இன்னது, இப்போதைய அளவு இவ்வளவு என்று மென்பொருள் இயங்குதளத்திடம் தெரிவித்தால்தான் அதைக் குரலாக ஒலிக்கும். இசைப்பதிவு மென்பொருளுடன் சேர்த்து ஒலியைத் திருத்தப் பயன்படும் ப்ளக்இன் என்னும் துணை மென்பொருள்களை உருவாக்குபவர்கள் பலர், பழைய ஸ்டூடியோ கருவிகளைப் போலவே குமிழ்களையும் முள் காட்டும் மீட்டர்களையும் அழகாக வரைந்துவிட்டு, இந்த விவரத்தைத் தெரிவிக்காமலே விட்டுவிடுகிறார்கள். அத்தகைய ஈக்வலைசர் (ஒலியின் கனத்த, மெல்லிய பகுதிகளைக் கூட்டிக் குறைப்பது) ஒன்றைத் திறந்தால் சாளரத்தின் தலைப்பை மட்டும் கேட்பேன்; அதன்பின் டேப் விசையை எத்தனை முறை தட்டினாலும் மௌனம்தான்.

வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். ரீப்பர் என்னும் இசைப்பதிவு மென்பொருளுடன் ஒசாரா என்னும் இலவச இணைப்பைச் சேர்த்துக்கொண்டால், ப்ளக்இன்னின் அளவைகள் வெறும் பட்டியலாகக் கிடைக்கும்; 'த்ரெஷோல்ட், மைனஸ் 18 டெசிபெல்' என்று கேட்டுக்கொண்டே அம்பு விசையால் மாற்றலாம். ஒசாராவைத் தொடங்கிய ஜேம்ஸ் டே, என்விடிஏ திரை வாசிப்பானை மைக்கேல் கரனுடன் சேர்ந்து வளர்த்தவர், இருவருமே பார்வையற்றவர்கள். ஆயினும் அந்தப் பட்டியலில் 'அளவை 1, அளவை 2' என்று பெயரில்லாமல் வரும் ப்ளக்இன்களும் உண்டு. உரிமத்தைச் செயல்படுத்தும் சாளரமோ அதில் வருவதே இல்லை. பணம் கொடுத்து வாங்கிய ஒரு கம்ப்ரஸரின் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சீராக்கும் ப்ளக்இன்) 'சம்மதம்' பொத்தானை அழுத்துவதற்காக, பார்வையுள்ள நண்பர் வரும்வரை நான் இரண்டு நாள் காத்திருந்தேன். (இசைப்பதிவின்போது கணினியின் ஒலிக்கருவியை இயக்கும் ஆசியோ டிரைவர் என்னும் மென்பொருள், பல நேரம் அக்கருவியைத் தன்வசப்படுத்திக்கொண்டு திரை வாசிப்பானின் வாயை அடைத்துவிடுவதால், அதன் குரலுக்கென்றே தனியாக இன்னொரு ஒலிக்கருவி வைத்திருப்பது எங்களில் பலருக்குப் பழகிப்போன செலவு.)

இதைச் சரிசெய்வது பெரும்பாடு என்ற சாக்கு இனிச் செல்லாது. ப்ளக்இன் உருவாக்கத்தில் பரவலாகப் பயன்படும் ஜூஸ் (JUCE) என்னும் நிரல் கட்டமைப்பில் 2021ஆம் ஆண்டிலேயே திரை வாசிப்பானுக்கான ஆதரவு சேர்க்கப்பட்டுவிட்டது. தாமே வரைந்த குமிழுக்குப் பெயரும் மதிப்பும் எழுதிச் சேர்ப்பதுதான் நிறுவனங்களுக்கு எஞ்சியுள்ள வேலை. அதைச் செய்த சில நிறுவனங்களும், அடுத்த பதிப்பில் தோற்றத்தைப் புதுப்பிக்கும்போது பழையபடி ஊமையாக்கிவிடுகின்றன. அதனால் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்ற அறிவிப்பைக் கேட்டாலே, நடந்துகொண்டிருக்கும் வேலை முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இசை மென்பொருள் ஒன்றை மதிப்பிட்டு எழுதும்போது, கட்டுரையாளரை என்விடிஏவை இயக்கி, திரையை அணைத்து, மவுஸை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரே ஒரு ட்ராக்கைப் பதிவுசெய்து பார்க்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அவர் நின்றுவிட்டார் என்பதையும் கட்டுரையிலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
இசைப்பதிவாளன் ஒருவன்