கோத்லாண்ட் பழைய ரயில் சரிவு: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் உள்ள நம் கோத்லாண்ட் ஊரின் பழைய ரயில் சரிவுப் பாதையில் சுவர், தகவல் பலகைகள், பெஞ்சுகள் எல்லாம் முடிந்துவிட்டன. பலகையையும் பெஞ்சையும் பற்றி யாரும் குறை சொல்லவில்லை.

சுவர்தான் பிரச்சினை. "ஸ்டேஷன் வரலாற்றுக்கு வசூலித்த பணத்தை, ஸ்டேஷனுக்குச் சம்பந்தமில்லாத பழைய சரிவின் சுவரில் ஏன் கொட்டினீர்கள்?" என்று கேட்டீர்கள். சம்பந்தம் உண்டு. நம் ஊருக்கு ரயில் முதலில் வந்தது இந்தச் சரிவு வழியாகத்தான். ஜார்ஜ் ஸ்டீபன்சன் வகுத்து, 1836இல் திறந்த, விட்பி, பிக்கரிங் என்ற இரண்டு ஊர்களை இணைத்த பாதையில் பெட்டிகளைக் குதிரைகள் இழுத்தன. சரிவின் அடியில் உள்ள பெக் ஹோல் என்ற சிற்றூருக்கு மேலே 15க்கு 1 ஏற்றம், அதாவது 15 அடி போனால் ஓர் அடி உயரும்; குதிரைகளால் ஆகாது. உச்சியில் தண்ணீர் நிரப்பிய தொட்டி வண்டி கீழே இறங்க, அந்தப் பாரத்தில் கயிறு இழுபட்டுப் பெட்டிகள் மேலே வரும். பிறகு நீராவி எந்திரம் கயிற்றை இழுத்தது. 1864இல் கயிறு அறுந்து இருவர் இறந்தார்கள். மறு வருடம், சரிவைச் சுற்றிப் போகும் புதுப் பாதையில் இப்போதைய ஸ்டேஷன் திறந்தது. அப்போது அதன் பெயர் கோத்லாண்ட் மில். சரிவைக் காட்டாமல் ஸ்டேஷன் கதையைச் சொன்னால் பாதிக் கதைதான்.

இனி ஒப்பந்தக்காரர் விவகாரம். இந்த மேட்டு நிலத்துச் சுவர்களில் சாந்து கிடையாது. இரு பக்கமும் பெரிய கல், நடுவில் பொடிக்கல், இரு முகத்தையும் கட்டிப் பிடிக்க இடையிடையே குறுக்கே நீளக்கல். அவர் நடுவில் சிமென்ட் ஊற்றத் தொடங்கினார், "சீக்கிரம் முடியும், உறுதியாக நிற்கும்" என்று. சிமென்ட் நீரை வெளியே விடாது. தேங்கிய நீர் பனிக்காலத்தில் உறைந்து கல்லைத் தள்ளிவிடும். நிறுத்தச் சொன்னோம். கட்டியதைப் பிரிக்கத் தனிக் கூலி கேட்டார். கடிதம் மேல் கடிதம் போட்டோம், ஒன்றுக்கும் மசியவில்லை. கடைசியில் வேறு ஆளை வைத்துப் பிரித்துக் கட்டினோம். மதிப்பீட்டைத் தாண்டிய செலவு முழுக்க இதில்தான் போனது. அந்த முடிவை நாங்கள் மாற்றிக்கொள்ளத் தயாரில்லை. சிமென்ட் சுவருக்குக் கையெழுத்துப் போட எங்களுக்கு மனம் வராது.

அந்தப் பணக் குறையை அடைத்தவர்கள் நீங்கள்தாம். தேநீர்க் கடைக்காரர்கள், தங்கும் விடுதிக்காரர்கள், பொதுநிலத்தில் ஆடு மேய்க்கும் குடும்பங்கள், மாதர் சங்கத்தினர், விட்பியில் குடியேறிய பழைய ஊர்க்காரர்கள், ஒரு சிக்னல்காரரின் பேரப்பிள்ளைகள், பெயர் வேண்டாம் என்ற இரண்டு பேர். எல்லோருக்கும் நன்றி.

பெரியவர்கள் சொன்னதையும் பதிவு செய்தோம். குளிர்காலத்தில் வீட்டு நிலக்கரி ஸ்டேஷனில்தான் வந்து இறங்குமாம். பனி விழுந்து சாலை அடைபட்டால் விட்பிக்கு ரயில்தான் வழி. 1965 மார்ச்சில் பாதையை மூடியபோது "ஊரின் கதவைச் சாத்தின மாதிரி இருந்தது" என்றார் ஒரு பாட்டி. 1973இல் ஆர்வலர்கள் மீண்டும் ரயில் ஓட்டினார்கள். ஒரு காலத்தில் நிலக்கரி கொண்டுவந்த ரயில் இன்று சுற்றுலாக்காரர்களைக் கொண்டுவருகிறது. நம் விடுதிகளும் கடைகளும் அவர்களை நம்பித்தான் நடக்கின்றன.

வரவு செலவுக் கணக்கு, ரசீதுகள், ஒப்பந்தக்காரருக்குப் போட்ட கடிதங்கள் எல்லாம் ஊர் மண்டபத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மீதிப் பணம் பாதையோரப் புதர் வெட்டும் வேலைக்கு.