முருகன்களை எண்ணிச் சொல்லுங்கள்: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இந்தியத் தலைமைப் பதிவாளர் மற்றும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். 2027 கணக்கெடுப்புக்கு வீடு வீடாக வரும் உங்கள் ஆட்கள் எல்லாருடைய பெயரையும் கேட்கப் போகிறார்கள், இந்த முறை செல்போன் செயலியிலேயே ஏற்றவும் போகிறார்கள். அப்படி ஏறும் பெயர்களை எண்ணி, எந்தப் பெயர் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று ஒரு பட்டியல் வெளியிடுங்கள். யார், எங்கே இருக்கிறார் என்பதெல்லாம் வேண்டாம். பெயர் (முடிந்தால் அப்பா பெயரோடும் சேர்த்து), பக்கத்தில் மாவட்ட வாரியாக எண்ணிக்கை, அவ்வளவுதான் நான் கேட்பது.

இது வெறும் பொழுதுபோக்கு ஆசை இல்லை. (கொஞ்சம் அதுவும்தான், தன் பெயரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது.) வாக்காளர் பட்டியலில் இரட்டைப் பதிவு தேடுகிறவர்களும், கடன் கேட்டு வருகிறவரின் பழைய பாக்கியைத் தோண்டுகிறவர்களும், தேடப்படும் ஆள் இவர்தானா என்று பார்க்கிறவர்களும் பெயரும் அப்பா பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போனால் அதே ஆள்தான் என்று எளிதாக நம்பிவிடலாம். அந்தப் பெயர் நாட்டில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று தெரியாமல், ஒத்துப்போனதற்கு என்ன மதிப்பு கொடுப்பது?

இப்போதைக்கு ஊகக் கணக்குதான் கதி. போட்டுப் பார்க்கிறேன். 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஆண்கள் சுமார் 3.6 கோடி. இருநூறில் ஒருவர் முருகன் என்று வைத்துக்கொள்வோம். இது என் ஊகம், சரியான விகிதம் உங்களிடமிருந்துதான் வரவேண்டும். அப்படியென்றால் 1.8 லட்சம் முருகன்கள். பன்னிரண்டில் ஒருவருக்கு இனிஷியல் கே என்றால் கே.முருகன்கள் 15,000 பேர். அட, இனிஷியலை விரித்து கந்தசாமி மகன் முருகன் என்றே வைப்போம், நானூறில் ஒரு அப்பா கந்தசாமி என்றால் 450 பேர் மிஞ்சுகிறார்கள். சரி, இனி பிறந்த தேதி பிரித்துவிடும் என்று தோன்றும். பிரிக்காது! 450 பேரிலிருந்து சுமார் 1,01,000 ஜோடிகள் அமைக்கலாம், அறுபது வருடத்தில் இருப்பதோ ஏறக்குறைய 21,900 நாட்கள், ஆகவே நாலைந்து ஜோடிக்காவது அதே பெயர், அதே அப்பா பெயர், வருடம் உட்பட அதே பிறந்த தேதி இருக்கும் என்றுதான் எதிர்பார்க்க வேண்டும். இதுகூடப் பிறப்புகள் எல்லா நாளிலும் சமமாக விழுந்தால். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுவிட்ட மே, ஜூன் தேதிகளோடு ஒரு தலைமுறையே திரிகிறது என்பது உங்களுக்குத் தெரியாததா.

இந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பெயருக்கும் அப்பா பெயருக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லை என்று நினைத்துக்கொண்டு விகிதங்களைப் பெருக்கியிருக்கிறேன். அமெரிக்காவில் முதற்பெயர் விகிதத்தையும் குடும்பப்பெயர் விகிதத்தையும் பெருக்கி "உங்கள் பெயரில் இத்தனை பேர்" என்று சொல்லும்போதும் இதே கோளாறுதான் வரும். எல்லா முதற்பெயரும் எல்லாக் குடும்பப்பெயரோடும் ஒரே அளவில் சேர்வதில்லை. நம் ஊரில் இன்னும் மோசம். அப்துல் கரீமின் மகன் முருகனாக இருப்பது அபூர்வம், ஆகவே முருகன்களின் அப்பாக்களில் கந்தசாமிகள் மாநில விகிதத்தைவிட அதிகமாகவே இருப்பார்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் வேறு. கந்தசாமி மகன் முருகன், முருகன் மகன் கந்தசாமி என்று ஒரே இரண்டு பெயர்கள் ஒரு குடும்பத்துக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும், அதிலும் அண்ணன் தம்பி நாலு பேரும் மூத்த மகனுக்குத் தாத்தா பெயரை வைத்தால் ஒரே தெருவில் நாலு கந்தசாமி.

குலதெய்வம் இதையெல்லாம் மிஞ்சிவிடும். 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றார், அதே ஓ.பன்னீர்செல்வம் என்ற பெயரில் இன்னும் சிலர் களத்தில் இருந்தார்கள். யார் தேடிக் கொண்டுவந்தார்கள் என்ற அரசியலுக்குள் நான் போகவில்லை. இத்தனை பேர் எப்படிக் கிடைத்தார்கள் என்பதுதான் எனக்குக் கேள்வி. மாநில அளவில் ஓ என்பது அரிய இனிஷியல். அதையும் பன்னீர்செல்வத்தையும் பெருக்கினால் கொஞ்சம் பேர்தான் தேறுவார்கள். ஆனால் உசிலம்பட்டிப் பக்கம் ஒச்சாண்டம்மனைக் கும்பிடுகிற குடும்பங்களில் ஒச்சாத்தேவர், ஒச்சப்பன் என்று பெயர் வைப்பார்கள், அவர்கள் பிள்ளைகளுக்கு இனிஷியல் ஓ, அந்த வட்டாரத்தில் இது அரிதே இல்லை. தென்காசி, நெல்லைப் பக்கம் சுடலைமுத்துவும் இசக்கிமுத்துவும் அப்படித்தான். மாநில சராசரியை வைத்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது, அதனால்தான் மாவட்ட வாரியாகக் கேட்கிறேன்.

எண்ணாமல் பொருத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கிராஸ்செக் இருக்கிறது. கான்சாஸ் மாநிலம் 2005ல் தொடங்கிய திட்டம். முதற்பெயர், குடும்பப்பெயர், பிறந்த தேதி மூன்றும் இரண்டு மாநிலப் பட்டியல்களில் ஒத்துப்போனால் ஒரே ஆள் இரண்டு இடத்தில் பதிந்திருக்கலாம் என்று சந்தேகப் பட்டியல் தரும். அந்தத் திட்டம் பரிந்துரைத்த ஒரு முறைப்படி பெயர்களை நீக்கியிருந்தால், ஒரு இரட்டை ஓட்டைத் தடுக்க, ஒழுங்காக ஓட்டுப் போட்டதாகத் தெரிகிற சுமார் 300 பதிவுகள் போயிருக்கும் என்று 2020ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது. அதற்கு முந்தைய வருடமே, ஒரு வழக்கின் சமரசத்தில் திட்டம் நிறுத்தப்பட்டது. இத்தனைக்கும் அங்கே பெயர்களை எண்ணி வெளியிடுகிற பழக்கம் இருக்கிறது: 2010 கணக்கெடுப்பிலிருந்து, நூறு பேருக்காவது இருக்கிற குடும்பப்பெயர்கள் அத்தனையும், 1,62,253 பெயர்கள், எண்ணிக்கையோடு வெளியாகின. நம்மிடம் அதுகூட இல்லை.

1948 சட்டப்படி கணக்கெடுப்பு விவரம் ரகசியம் என்பீர்கள். நியாயம். அதை மீறச் சொல்லவில்லை. ஸ்பெயின் புள்ளிவிவர நிறுவனம் நாட்டில் 20 பேருக்காவது இருக்கிற பெயர்களை மட்டும் காட்டுகிறது, மாகாண அளவில் 5 பேர் இருந்தால் போதும், கூடவே அந்தப் பெயர்க்காரர்களின் சராசரி வயதும் வரும். நார்வேயிலும் மிக அரிய பெயர்களை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்கிறார்கள். நீங்கள் வேண்டுமானால் நூறு என்று வரம்பு வையுங்கள். ஆபத்து அரிய பெயர்க்காரருக்குத்தான், ஆயிரக்கணக்கான முருகன்களில் ஒருவருக்கு இதனால் என்ன வந்துவிடும்?

அப்புறம் இரண்டு சின்ன விஷயம். செந்தில்குமார், செந்தில் குமார் இரண்டையும் தனித்தனியாகவும் எண்ணுங்கள், சேர்த்தும் எண்ணுங்கள். தமிழ்ப் பெயரைத் தமிழ் எழுத்திலேயே தாருங்கள், ஆங்கில எழுத்தில் போட்டால் ஒரு பெயர் ஏழெட்டாகச் சிதறிவிடும். அப்பா பெயரோடு சேர்ந்த எண்ணிக்கை இப்போது முடியாது என்றால் இனிஷியலோடு கொடுத்தாலும் போதும், மிச்சத்தை நாங்கள் கணக்குப் போட்டுக்கொள்கிறோம். வாக்காளர் பட்டியல் மாதிரி, தேட முடியாத படமாக மட்டும் தந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கோடிக்கணக்கான பெயர்களில் ஒரு பெயர்க்காரன்