பார்பரா லீ அவர்களுக்கு, 2007 மார்ச் வாக்கெடுப்பு பற்றி

மதிப்பிற்குரிய பார்பரா லீ அவர்களுக்கு,

வணக்கம். தமிழில் எழுதும் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்து சேராது. ஆனாலும் இதைக் கேட்க உங்களை விட்டால் வேறு ஆள் இல்லை.

உங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 2001 செப்டம்பர் 14-லேயே நின்றுவிடுகிறார்கள். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பதிலடியாகப் படைபலத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அனுமதி தரும் வாக்கெடுப்பு அது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஆதரித்த 420 பேர் ஒரு பக்கம், எதிர்த்த நீங்கள் தனியாக மறுபக்கம். பெரிய விஷயம்தான். ஆனால் அன்று உங்களுக்கு எதிரில் நின்றவர்கள் யார் என்பதில் குழப்பமே இல்லை. 2007 மார்ச் 23 அப்படிப்பட்ட நாள் அல்ல. அன்று எதிரில் நின்றவர்களில் பாதிப் பேர் உங்களோடு ஊர்வலம் வந்தவர்கள்.

அன்று வாக்கெடுப்புக்கு வந்த நிதி மசோதாவின் மொத்தத் தொகை 12,400 கோடி டாலர். பெரும்பகுதி இராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்கு. அதே மசோதாவில், படைகள் 2008 ஆகஸ்டு முடிவதற்குள் இராக்கிலிருந்து திரும்ப வேண்டும் என்ற கெடுவும் இருந்தது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. ஓட்டுக் குறையாமல் இருக்க பசலைக்கீரை விவசாயிகளுக்கு இரண்டரைக் கோடி, நிலக்கடலைக் கிடங்குகளுக்கு ஏழு கோடிக்கு மேல். போர் நிறுத்த மசோதாவில் கடலைக்கு என்ன வேலை என்று அப்போதே பலர் சிரித்தார்கள்.

போர் எதிர்ப்பு இயக்கம் இரண்டாக உடைந்தது. இணையம் வழியாக இயங்கும் மூவ்ஆன் என்ற போர் எதிர்ப்பு அமைப்பு தன் உறுப்பினர்களிடம் மின்னஞ்சலில் கருத்துக் கேட்டது. சுமார் 85 சதவீதம் பேர் மசோதாவை ஆதரித்தார்கள். ஆனால் போருக்குப் பணம் தராமல், பத்திரமாகத் திரும்பி வர மட்டும் பணம் தரலாம், 2007 முடிவதற்குள் எல்லோரும் வந்துவிட வேண்டும் என்ற உங்கள் திருத்தம் அந்தக் கேள்வித்தாளில் இல்லவே இல்லை. கோட் பிங்க் என்ற போர் எதிர்ப்பு அமைப்பின் பெண்கள் சான் பிரான்சிஸ்கோவில் சபாநாயகர் நான்சி பெலோசியின் வீட்டு வாசலில் முகாம் போட்டார்கள். நிதிக்குழுத் தலைவர் டேவிட் ஓபி, நாடாளுமன்ற நடைக்கூடத்தில் ஒரு மரைன் வீரரின் தாயிடமே "முட்டாள் லிபரல்கள்" என்று கத்தினார். அது காணொளியாக ஊரெல்லாம் பரவியது. அப்புறம் மன்னிப்புக் கேட்டார். அவர் கத்தியதன் சாரம் ஒன்றுதான்: பணத்தை நிறுத்த நம்மிடம் ஓட்டு இல்லை.

நீங்கள், உங்களைப் போலவே போரை எதிர்த்த சபை உறுப்பினர்கள் லின் வூல்சி, மேக்சின் வாட்டர்ஸ், டயான் வாட்சன் நால்வரும் வாக்கெடுப்புக்கு முந்தைய நாள் ஒரு முடிவுக்கு வந்தீர்கள். நாங்கள் எதிர்த்தே வாக்களிப்போம், ஆதரிக்க நினைக்கும் மற்றவர்களைத் தடுக்க மாட்டோம். மறுநாள் 218-212. 435 பேர் கொண்ட முழு அவையின் பெரும்பான்மைக்கு வேண்டிய எண் 218, சரியாக அதுவே கிடைத்தது.

இதைத் துரோகம் என்றவர்களும் உண்டு, சாமர்த்தியம் என்றவர்களும் உண்டு. துரோகம் என்பதை நான் ஏற்கவில்லை. மசோதா தோற்றிருந்தால் கெடு எதுவும் இல்லாத மசோதா ஒன்று வந்திருக்கும், அது சுலபமாக நிறைவேறியும் இருக்கும். ஓட்டு இல்லை என்று ஓபி சொன்னதும் உண்மைதான். எனக்கு இடறுவது வேறு. எண்ணிப் பார்க்காமலே அதைச் சொன்னார்கள். உங்கள் திருத்தத்தை அவையில் வாக்கெடுப்புக்கு வரவே விடவில்லை. மே 10 அன்று, அதிபர் புஷ் கெடுவை ரத்து அதிகாரத்தால் தள்ளிய பிறகு, ஒன்பது மாதத்தில் படைகளைத் திரும்பப் பெறச் சொன்ன ஜிம் மெக்கவர்னின் மசோதாவுக்கு வாக்கெடுப்பு நடந்தது. 171 ஆதரவு, 255 எதிர்ப்பு. தோல்விதான். ஆனால் 171! இந்த எண் மார்ச்சில் மேசைமேல் இருந்திருந்தால் பேரமே வேறு மாதிரி போயிருக்கும்.

பேரம் நடக்காமலும் இல்லை. ஈரானைத் தாக்க நாடாளுமன்றத்தின் அனுமதி வேண்டும் என்ற விதியை, உங்கள் ஜனநாயகக் கட்சியின் பழமைவாத உறுப்பினர்கள் எதிர்த்ததால் எடுத்துவிட்டார்கள். அவர்கள் தங்கள் ஓட்டுக்கு விலை வாங்கினார்கள். உங்கள் பக்கம் ஓட்டை இலவசமாகக் கொடுத்தது. இலவசமாகக் கிடைத்ததை யார் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள்? கெடு உள்ள மசோதாவுக்குக் கையெழுத்திட புஷ் மே 1-ல் மறுத்தார். மூன்று வாரம் கழித்து, மே 24-ல், கெடு இல்லாத மசோதா 280-142 என்று நிறைவேறியது. அவைக்கு வெளியே அதை எதிர்த்தவர்களில் மூவ்ஆனும் உண்டு. இராக்கில் மகனைப் பறிகொடுத்த போர் எதிர்ப்பாளர் சிண்டி ஷீஹன் நான்கு நாள் கழித்து, மே 28-ல், இயக்கத்தை விட்டு விலகுவதாக அறிவித்தார்.

1973-ஐ இதோடு வைத்துப் பார்க்கிறேன். கம்போடியா மீது குண்டு வீசுவதை உடனே நிறுத்தச் சொன்ன சட்டத்தை அன்றைய அதிபர் நிக்சன் ஜூன் 27-ல் மறுத்தார். இதே விதியை ஒவ்வொரு மசோதாவிலும் மறுபடி மறுபடி சேர்ப்போம் என்றார் செனட் பெரும்பான்மைத் தலைவர் மைக் மேன்ஸ்ஃபீல்ட். கடைசியில் ஆகஸ்டு 15 என்ற சமரசம் வந்தது. இன்னும் ஆறு வாரத்துக்கு மேல் குண்டு வீச அனுமதியா என்று போர் எதிர்ப்பாளர்கள் கொதித்தார்கள், நியாயமான கொதிப்பு. ஆனால் அந்தத் தேதியில் குண்டுவீச்சு நின்றது. 2007-ல் ஜனநாயகக் கட்சியினர் ஒரு மறுப்போடு மடங்கிப் போனார்கள். அந்த ஆண்டு இராக்கில் இறந்த அமெரிக்க வீரர்கள் 900-க்கும் மேல். போர் முழுவதிலும் அதுதான் மிக மோசமான ஆண்டு. செத்த இராக்கியர் கணக்கு இதைவிடப் பல மடங்கு. கெடுவே கூடாது என்ற புஷ் அரசுதான் 2008 இறுதியில் பாக்தாத்தோடு ஒப்பந்தம் போட்டு, 2011 டிசம்பர் என்று ஒரு கெடுவை ஏற்றுக்கொண்டது.

இப்போது நீங்கள் ஓக்லாந்து மேயர். பட்ஜெட், சமரசம், ஓட்டு எண்ணிக்கை எல்லாம் உங்கள் அன்றாட வேலை. அதனால் கேட்கலாம் என்று நினைக்கிறேன். மற்றவர்களைத் தடுக்க மாட்டோம் என்று முடிவு செய்தபோது, அதற்கு ஈடாக உங்கள் திருத்தத்துக்கு அவையில் ஒரு வாக்கெடுப்பு வேண்டும் என்று பெலோசியிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தால், என்ன பதில் சொன்னார்?

அன்புடன்,
உங்கள் வாக்குகளைத் தொலைவிலிருந்து கவனித்து வரும் ஒரு தமிழ் வாசகன்