டேபிளைத் திறக்கறதுக்கு முன்னாடி

கண்ணா,

நீ அனுப்பின கணக்கை சாவகாசமா உக்காந்து பாத்தேன்டா. பிரஷர் கேஜ்ல 9 பார், தெர்மாமீட்டர்ல 180 டிகிரி, நேரா ஸ்டீம் டேபிள்ல (தண்ணி, நீராவியோட மதிப்பெல்லாம் போட்ட அட்டவணை) 10 பார் வரிக்குப் போய் எச்ஜி, அதாவது துளி ஈரமில்லாத நீராவியோட என்தால்பி (அதுல இருக்கற வெப்பக் கணக்கு), கிலோவுக்கு 2778 கிலோஜூல்னு எடுத்துட்டே. கேஜ் ரீடிங்கோட காத்தழுத்தம் 1 பார் சேத்தியே, அது ரொம்ப சரி, நிறைய பேர் கோட்டை விடற இடம் அது. ஆனா உன் பைப்ல ஓடற ஸ்டீமுக்கு அந்த 2778 பொருந்துமான்னு இந்த ரெண்டு ரீடிங்க வச்சு சொல்லவே முடியாது.

ஏன்னா 10 பார்ல தண்ணி கொதிக்கறதே 179.9 டிகிரில. கொதிக்க ஆரம்பிச்சதுலேந்து கடைசி சொட்டு ஆவியாகற வரைக்கும் தெர்மாமீட்டர் அங்கயேதான் நிக்கும், அதனால பிரஷர் தெரிஞ்சா டெம்பரேச்சர் தானா தெரிஞ்சுடுது, நீ ரெண்டு விஷயம் அளந்ததா நினைக்கறே, நிஜத்துல ஒண்ணுதான் அளந்திருக்கே. அங்க எச்எஃப், அதாவது கொதிநிலைல இருக்கற தண்ணியோட என்தால்பி 763, எச்ஜி 2778, நடுவுல 2015 கிலோஜூல் இருக்கு, உன் ஸ்டீம் அதுல எங்க வேணா இருக்கலாம். அதைச் சொல்றது ட்ரைனெஸ் ஃப்ராக்ஷன் மட்டும்தான், கலவைல ஆவி எத்தனை பங்குங்கற கணக்கு. 0.9னு வை, 763 கூட்டல் 0.9 பெருக்கல் 2015, கிட்டத்தட்ட 2576. நீ எழுதினதுக்கும் இதுக்கும் கிலோவுக்கு 200 கிலோஜூல் வித்தியாசம், அவ்ளோ ஹீட் வருதுன்னு நம்பி ஹீட் எக்ஸ்சேஞ்சர் போட்டா என்ன ஆகும் யோசி.

இன்னொண்ணு, அந்த 0.9 எடைக்கணக்கு. ஒரு கிலோல 100 கிராம் தண்ணியாவே இருக்கு, ஆனா அது அடைக்கற இடம் மொத்த கன அளவுல ஆயிரத்துல ஒரு பங்கு கூட இல்ல (ஒரு கிலோ தண்ணியோட கன அளவு விஎஃப் 0.001127 கனமீட்டர், ஆவியோடது விஜி 0.1944, நீயே போட்டுப் பாரு). அதனால கன அளவைப் பாத்தா ஈரமே இல்லாத மாதிரிதான் தோணும், என்தால்பிலதான் அடி விழும்.

அதனால டேபிளைத் திறக்கறதுக்கு முன்னாடியே இது தண்ணியா, கலவையா, சூப்பர்ஹீட்டான்னு (கொதிநிலைக்கு மேல சூடான ஆவி) முடிவு பண்ணிடு. அந்த பிரஷருக்கு சாச்சுரேஷன் டெம்பரேச்சர், அதாவது கொதிநிலை, என்னன்னு பாரு, உன் ரீடிங் அதுக்கு மேல தெளிவா போனா சூப்பர்ஹீட் டேபிள், கீழ இருந்தா தண்ணி, அப்போ அந்த டெம்பரேச்சரோட எச்எஃப்பையே எடுத்துக்கோ, இந்த மாதிரி பிரஷருக்கெல்லாம் அது போதும். இன்டர்போலேஷனும் (ரெண்டு மதிப்புக்கு நடுவுல இருக்கறதைக் கணக்குப் போட்டு எடுக்கறது) கொதிநிலைக்கு ஒரே பக்கமா இருக்கற மதிப்புகளுக்குள்ளதான் பண்ணணும். 10 பார்ல 200 டிகிரிக்கு 2828, 250க்கு 2943, அப்போ 220க்கு 2874, தாராளமா நம்பலாம். அதையே 150க்கும் 200க்கும் நடுவுல 175க்குன்னு போட்டா 1730 வரும், ஆனா 175ல அது இன்னும் தண்ணிதான், நிஜமான மதிப்பு 741. நடுவுல கொதிநிலை இருக்கறது சூத்திரத்துக்குத் தெரியாதுடா, நமக்குதான் தெரியணும்.

உன் ஸ்டீமுக்கு வழி இருக்கு. த்ராட்லிங் கலோரிமீட்டர் கிடைச்சா கொஞ்சம் ஸ்டீமை 1 பாருக்கு த்ராட்டில் பண்ணு, அதாவது குறுகின துவாரம் வழியா விட்டு பிரஷரைக் குறை, சுத்தி இன்சுலேஷன் நல்லா இருக்கட்டும், அப்போ என்தால்பி மாறாது. வெளிய 100 டிகிரிக்கு மேல தெளிவா காட்டினா அங்க அது சூப்பர்ஹீட், இப்போ பிரஷரும் டெம்பரேச்சரும் நிஜமாவே ரெண்டு தனித்தனி விஷயம், டேபிள்லேந்து என்தால்பி கிடைச்சுடும், அதை வச்சு பின்னால வந்து ட்ரைனெஸ் கண்டுபிடி. சுமார் 121 டிகிரி காட்டினா ட்ரைனெஸ் 0.97 கிட்ட. 100க்கு மேல நகரவே இல்லேன்னா ஸ்டீம் 0.95ஐ விட ஈரம்னு அர்த்தம், அதுக்கு இந்த முறை சரிப்படாது, தண்ணியை முதல்ல பிரிச்சு எடுத்து எடை போடற செபரேட்டிங் கலோரிமீட்டரும் சேத்து வேணும்.

ரீடிங் எடுத்ததும் எனக்கு அனுப்பு, ரெண்டு பேரும் சேந்து போடலாம். வால்வு கிட்ட போறப்போ கிளவுஸ் போட்டுக்கோ.

அம்மா