பழைய கூடத்தில் புதிய கலை: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

நம் மரபுக் கட்டடத்தில் இன்றைய ஓவியம், சிற்பம், நடனம், நாடகம் ஆகியவற்றுக்கு இடம் செய்து தருவதற்காக எடுத்துக்கொண்ட திருப்பணி முடிந்துவிட்டது. பெரிய கூடமும் அதை ஒட்டிய இரண்டு அறைகளும் பயன்பாட்டுக்குத் தயார். உள்ளே வந்து பார்த்த சிலர், “என்ன வேலை நடந்தது? எல்லாம் முன்பு இருந்த மாதிரியேதானே இருக்கிறது?” என்று கேட்டார்கள். எங்களுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டாம். செலவில் பெரும்பங்கு தரைப்பலகைக்கு அடியிலும், காரைக்குள்ளும், மின்பெட்டிக்குப் பின்னாலும் போயிருக்கிறது. கண்ணில் படாத வேலைக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருப்பதால் இந்த அறிக்கை கொஞ்சம் நீளும்.

முதலில், பொதுக்குழுவில் எழுந்த அந்தப் பழைய வாதம். இப்படிப்பட்ட கட்டடத்தில் இன்றைய கலைக்கு என்ன வேலை என்று கேட்டவர்களின் கவலை நியாயமானது. 2008-இல் பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையில் அமெரிக்கக் கலைஞர் ஜெஃப் கூன்ஸின் பளபளக்கும் சிற்பங்களை வைத்தபோது வாசலிலேயே எதிர்ப்பு கிளம்பியது. 1875-இல் திறக்கப்பட்ட பாரிஸின் கார்னியே ஓபரா அரங்குக்குப் புதிய உட்கூரை ஓவியம் செய்ய மார்க் ஷகாலை அழைத்தபோதும் கடும் சண்டை. கடைசியில் 1964-இல் ஓவியம் மேலே ஏறியது. சண்டையை நினைவில் வைத்திருப்பவர்கள்கூட அங்கே நடந்த தச்சுவேலையைக் கவனிப்பதில்லை. லெனப்வு வரைந்த பழைய ஓவியத்தின் மேல் ஒரு தூரிகைகூடப் படவில்லை. புதிய ஓவியம் தனித் தட்டிகளில் பொருத்தப்பட்டு, பழையதற்குக் கீழே மாட்டப்பட்டது. என்றைக்காவது வேண்டாம் என்று தோன்றினால் கழற்றலாம். பழையது உள்ளே பத்திரமாக இருக்கிறது.

அதே 1964-இல்தான், பழைய கட்டடங்களை எப்படிக் காப்பது என்று சொல்லும் சர்வதேச ஆவணமான வெனிஸ் சாசனமும் எழுதப்பட்டது. பழைய கட்டடம் சமூகத்துக்குப் பயன்பட்டால் அதைக் காப்பது எளிதாகும், ஆனால் அந்தப் பயன்பாட்டுக்காக அதன் அமைப்பையோ அலங்காரத்தையோ மாற்றக் கூடாது என்கிறது அதன் 5-ஆம் பிரிவு. பாரிஸ் தச்சர்களின் வழியையும் இந்தப் பிரிவையும் சேர்த்துக் குழு ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டது: புதிதாக உள்ளே வருவது தன் சொந்தக் காலில் நிற்க வேண்டும், எடுத்துக்கொண்டு போனால் தடம் இருக்கக் கூடாது. நிரந்தர மேடை வேண்டாம், சுவரில் ஆணி வேண்டாம், ஏசி வேண்டாம் என்று நாங்கள் வரிசையாகச் சொன்னதெல்லாம் இந்த விதியால்தான், பிடிவாதத்தால் அல்ல.

அதிக நாள் பிடித்தது தரை. வீட்டுத் தரை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கினால் போதும். கூட்டம் நெருக்கி நிற்கிற, ஆடுகிற கூடத்துக்கு 500 கிலோ வரை கணக்கிடுகிறார்கள். எடையோடு தாளமும் சேர்ந்துகொள்ளும். லண்டனின் மில்லேனியம் நடைபாலம் 2000-இல் திறந்த இரண்டே நாளில் மூடப்பட்டதற்குக் காரணம், நடந்தவர்களின் அடியும் பாலத்தின் ஆட்டமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டதுதான். முப்பது பேர் ஒரே தாளத்தில் குதித்தால் மரத்தரையும் அப்படிக் கூடவே ஆடத் தொடங்கலாம்.

பலகைகளைப் பிரித்துப் பார்த்ததில் உத்தரங்களின் நடுப்பகுதி நல்ல வைரம் பாய்ந்த மரமாகவே இருந்தது. சுவருக்குள் செருகியிருந்த முனைகள்தான் மக்கிப்போயிருந்தன. சுவரின் ஈரம் முனையில் ஏறும், காற்று புகாது. மரம் கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான். மொத்த உத்தரத்தையும் மாற்றிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்று ஒரு யோசனை வந்தது. மேலே கான்கிரீட் போட்டுவிடலாம் என்று இன்னொன்று. இரண்டையும் மறுத்தோம். கான்கிரீட் தன் எடையையும் உத்தரத்தின் தலையில் ஏற்றும், அடியிலிருக்கும் ஈரத்தையும் வெளியே விடாது. மக்கிய முனையை மட்டும் அறுத்துவிட்டு, அதே சாதி மரத்தைச் சாய்வெட்டில் பொருத்தித் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளால் தச்சர்கள் பிணைத்தார்கள். ஒவ்வொரு முனையைச் சுற்றியும் காற்றோட்டத்துக்கு இடைவெளி விட்டிருக்கிறோம். பலகையை மூடும் முன்பு குழுவினர் அனைவரும் அதை இறங்கிப் பார்த்தோம், படமும் எடுத்து வைத்திருக்கிறோம்.

அந்தத் தரையின் மேல் நேராக ஆட முடியாது. வெறும் கெட்டித் தரையில் தினமும் குதித்தால் நடனக் கலைஞர்களின் முழங்காலும் கணுக்காலும் போய்விடும். ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் தட்டுகள், அடியில் ரப்பர் கட்டைகள் என்று ஒரு மிதவைத் தளம் செய்து வாங்கியிருக்கிறோம். ஆணியும் இல்லை, பசையும் இல்லை. கண்காட்சி வந்தால் அடுக்கி எடுத்து வைத்துவிடலாம். மாடியில் மட்டும் ஆட்டம் கிடையாது. அங்கே ஓவியங்களும் சிறு உரையாடல்களும்தான்.

சுவர் வேலை ஏன் இழுத்துக்கொண்டே போனது என்று பலர் கேட்டீர்கள். முந்தைய பழுதுபார்ப்பு ஒன்றில் சில இடங்களில் சிமென்ட் பூசியிருந்தார்கள். சுண்ணாம்புக் காரை ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். அடர்த்தியான சிமென்ட் விடாது. தடுக்கப்பட்ட ஈரம் சிமென்டின் விளிம்புக்கு வந்து, அங்கே உப்புப் பூத்து, பக்கத்திலிருந்த நல்ல காரையையும் உதிர்த்துக்கொண்டிருந்தது. அதையெல்லாம் உளியால் மெல்லப் பெயர்த்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூசினோம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும். மெல்லிய பூச்சாகப் பூசி, காத்திருந்து, அடுத்த பூச்சு. கொத்தனாரை அவசரப்படுத்திப் பயனில்லை, சுண்ணாம்பும் யார் சொன்னாலும் கேட்காது.

ஓவியங்களை எங்கே மாட்டுவது? அடியில் எடை வைத்து நிற்கும் சட்டங்களில். ஸ்பாட்லைட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் நான்கு காலில் நிற்கும் தனிச் சாரம் உண்டு. கூரை மரத்தில் எதுவும் தொங்காது. தவிர்க்கவே முடியாத சில கேபிள் கிளிப்புகளைக் கல்லில் துளையிடாமல் கற்களுக்கு இடையிலான சாந்து இணைப்பில் பொருத்தியிருக்கிறோம். சாந்தைத் திரும்ப அடைக்கலாம், கல்லை அடைக்க முடியாது.

ஏசி விஷயம். அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் மூச்சாகவும் வியர்வையாகவும் மணிக்குச் சுமார் 50 கிராம் ஈரத்தை விடுகிறார். 200 பேர் இரண்டு மணி நேரம் இருந்தால் 20 லிட்டர் தண்ணீர் காற்றில் சேரும். ஏசி அதைச் சட்டென்று உறிஞ்சும், நிறுத்தியதும் ஈரம் திரும்ப ஏறும். இந்த ஏற்ற இறக்கம்தான் பழைய மரத்துக்கும் காரைக்கும் கெடுதல். அதனால் முன்பு யாரோ அடைத்து வைத்திருந்த உயரமான காற்றுத் திறப்புகளைத் திறந்து, மெதுவாகச் சுற்றும் மின்விசிறிகள் வைத்தோம். பெரிய நிகழ்ச்சிக்குப் பிறகு கூடத்துக்கு ஓய்வு நாள் உண்டு. வாடகை வருமானம் குறையும், தெரிந்தேதான் இதைச் செய்திருக்கிறோம்.

தீ விஷயத்தில் குழு யாரோடும் பேரம் பேசவில்லை. 1992-இல் விண்ட்சர் கோட்டை எரிந்தது ஒரு ஸ்பாட்லைட்டின் சூடு திரைச்சீலையில் பட்டதால். 2014-இல் கிளாஸ்கோ கலைப்பள்ளியில் மாணவர் கண்காட்சிக்கான படைப்பு ஒன்றில் பயன்படுத்திய நுரையிலிருந்து வந்த வாயு, சூடான ப்ரொஜெக்டரில் பற்றிக்கொண்டது. போனது சார்ல்ஸ் ரென்னி மெக்கின்டாஷ் வடிவமைத்த நூலகம். இரண்டுமே அலட்சியமானவர்களின் கதை என்று சொல்லிவிட முடியாது. சாதாரண ஏற்பாட்டு வேலையில்தான் தீ பிடித்தது. ஆகவே நம் கூடத்தில் எல்இடி விளக்கு மட்டும்தான். திறந்த சுடர், நுரை ஸ்ப்ரே, மெழுகுவத்தி எதுவும் கிடையாது, நாடகத்துக்கு எவ்வளவு அவசியமாக இருந்தாலும் சரி. பழைய ஒயரிங் முழுவதையும் எடுத்துவிட்டு, செம்புக் குழாய்க்குள் கனிமத்தூள் அடைத்த கேபிள் போட்டிருக்கிறோம். அது எரியாது, மெல்லியதாக இருப்பதால் கண்ணையும் உறுத்தாது.

ஒலியில்தான் எதிர்பாராத நன்மை கிடைத்தது. கெட்டியான சுவரும் உயரமான கூரையும் உள்ள இடத்தில் முழக்கம் நீளும், பேச்சு குழம்பும். 1895-இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரை அறையில் இதே தொல்லை வந்தபோது, இளம் இயற்பியலாளர் வாலஸ் சபைன் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் எடுத்துவந்து அடுக்கி, ஒலி தேய எடுக்கும் நேரத்தை அளந்தார். அறை பெரிதானால் முழக்கம் நீளும், மென்மையான பரப்பு கூடினால் குறையும் என்ற கணக்கு அங்கிருந்துதான் வந்தது. நாங்களும் நிலையான பலகை எதையும் ஒட்டாமல், தனிக் கம்பியில் ஓடும் கனமான கம்பளித் திரைகளை வைத்தோம். நாடகம் என்றால் இழுத்து மூடலாம். ஆனால் சோதனை நிகழ்ச்சிக்கு வந்த பாடகர்கள் திரையை முழுக்கத் திறக்கச் சொன்னார்கள். ஒரு சுரத்தை விட்டுவிட்டு அது தேயும் வரை காத்திருந்து, அதன் மேலேயே அடுத்ததை வைத்தார்கள். கூடத்தின் குறை என்று நாங்கள் எழுதி வைத்திருந்ததை அவர்கள் வாத்தியமாக்கிக்கொண்டார்கள். ஆணியே அடிக்க முடியாத இடத்தில் என்ன செய்வது என்று முதலில் முகம் சுளித்த ஒரு சிற்பக் கலைஞரும், அப்புறம் ஜன்னல் வெளிச்சம் தரையில் நகரும் பாதையைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு, அதற்கேற்பத் தன் வேலையை மாற்றிக்கொண்டார். காகிதத்திலும் துணியிலும் செய்த படைப்புகளுக்கு அந்த ஜன்னல்கள் ஆகாது. அவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சமே உச்சம் என்பதால் உள் அறை ஒன்றை அதற்கென்றே இருட்டாக்கியிருக்கிறோம்.

கழிப்பறை, ஒப்பனை அறை, சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஆகியவை கட்டடத்துக்கு வெளியே தனிக்கட்டாக முடிந்துவிட்டன. மாடிக்கு லிஃப்ட் வைக்கவில்லை. வைத்தால் ஒரு தளத்தை வெட்ட வேண்டும். வைக்காவிட்டால் படியேற முடியாதவர்களுக்கு மாடி இல்லை. குழுவில் இதில் ஒரே கருத்து இல்லை. வெளிப்புறமாக, சுவரைத் தொடாமல் நிற்கும் லிஃப்ட் ஒன்றின் வரைபடம் வந்திருக்கிறது. அடுத்த பொதுக்குழுவில் அதை வைக்கிறோம், முடிவு உங்களுடையது.

தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கும், வேலைக்கு முன்பும் பின்பும் எடுத்த படங்களும், கலைஞர்கள் கையெழுத்திட வேண்டிய நிபந்தனைத் தாளும் அலுவலகத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் தரையையும் சுவரையும் பார்த்துப் பதிவேட்டில் குறிக்க இரண்டு உறுப்பினர்கள் தேவை. விருப்பமுள்ளவர்கள் பொதுக்குழுவுக்கு முன்பே அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.