குழந்தைகளின் கல்லீரலுக்குத் தனிப் பயிற்சி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பிறந்து 2 வாரங்கள் கடந்தும் மஞ்சள் காமாலை நீடித்து, மலம் சுண்ணாம்பாக வெளுத்திருக்கும் குழந்தைக்குப் பித்தநாள அடைப்பு, அதாவது கல்லீரலில் சுரக்கும் பித்தம் குடலுக்கு வடிய முடியாத நிலை, இருக்கலாம். ஜப்பானிய மருத்துவர் மோரியோ கஸாய் வகுத்த, பித்தம் வடிய வழிசெய்யும் அறுவை சிகிச்சையை ஏறத்தாழ 60 நாட்களுக்குள் செய்தால் பலன் கூடுதல் என்பதால், ‘தானே சரியாகிவிடும்’ என்று கழியும் ஒவ்வொரு வாரமும் கல்லீரலுக்கு இழப்புதான்.

குழந்தை மருத்துவத்துக்குப் பிறகு 2 அல்லது 3 ஆண்டுகள் பெறும் செரிமான, கல்லீரல், ஊட்டச்சத்துச் சிறப்புப் பயிற்சியின் அருமை இங்கேதான் விளங்குகிறது. எண்டோஸ்கோப்பி பழகுவது அதில் ஒரு பகுதியே. குடலின் பெரும்பகுதியை இழந்த சிசுவுக்கு ரத்தநாளம் வழியே செலுத்தும் ஊட்டத்தை அளவிடுவதையும், அதே ஊட்டம் கல்லீரலைக் கெடுத்துவிடாமல் கவனிப்பதையும் மூத்தவர்களின் அருகில் நின்றுதான் கற்க முடியும். ஆகவே பயிற்சி இடங்களைக் கூட்டும்போதே வழிகாட்டும் பேராசிரியர்களையும் ஊட்டச்சத்து நிபுணர்களையும் சேர்த்து நியமிக்குமாறு மருத்துவக் கல்வித் துறையினரைக் கேட்டுக்கொள்கிறேன்.